குடையா, ஆந்தையா

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஓர் அட்டவணையில் எண்களை நிரப்பியது. ஞாயிற்றுக்கிழமை, மாலை நாலரை மணி. சாப்பாட்டு மேசையில் என் மடிக்கணினி. எதிரில் அவருடைய நோட்டு, மூக்குக் கண்ணாடி, ஆறிப்போன தேநீர். அவர் வாசித்தார். நான் தட்டினேன்.

"தலையணை. குடைக்கு எட்டு. ஆந்தைக்கு..." நிறுத்தினார். "ஆந்தைக்கு என்னம்மா போட?"

"சராசரி போடுங்கப்பா."

"சராசரி தலையணைல யாரு படுக்குறா? ஒரு ஊர்ல செங்கல்லு, ஒரு ஊர்ல பஞ்சு மிட்டாய்."

"சரி, சராசரி அஞ்சு. விலகல் நாலு."

"அதப் போடு. விலகல்தான் ஆந்தையோட குணமே."

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அப்பாவும் பொண்ணும் அந்தப் பறவைக்கும் குடைக்கும் இன்னும் ஜாதகம் பாத்து முடிக்கலையா?"

"முடிச்சுருவோம், ரிசப்ஷன்," என்றார் அப்பா.

மறுநாள் காலை ரயிலில் வேலைக்குக் கிளம்பினார். செவ்வாய்க்கிழமை பதினொன்று நாற்பதுக்கு இறந்தார். வயது ஐம்பத்தொன்பது. ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது.

குடை, ஆந்தை, நங்கூரம் மூன்றும் ஊருக்கு ஊர் ஒரே பெயரில் நடக்கும் தங்கும் விடுதிகள். உண்மையான பெயர்கள் நீளமானவை. அப்பா வாயில் அவை நுழையாது. பெயர்ப்பலகையில் இருக்கும் படத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அடிக்கடி தங்குபவர்களுக்கு மூன்றுமே கார்டு கொடுத்து, ஒவ்வோர் இரவுக்கும் பாயிண்ட் போடும். பாயிண்ட் சேர்ந்தால் சில இரவுகள் இலவசம். அப்பாவின் பணப்பையில் மூன்று கார்டும் இருந்தன. குடை கார்டின் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது.

அவர் லாரி எடைமேடைகளைச் சரிபார்ப்பவர். மணலோ பழைய இரும்போ ஏற்றி வந்து லாரி நிற்கும் இரும்புத் தளம் சரியான எடையைத்தான் காட்டுகிறதா என்று வருடத்துக்கு ஒருமுறை யாராவது பார்க்க வேண்டும். அந்த யாராவது அப்பா. ஐந்நூறு கிலோ எடைக்கற்கள் தனி வண்டியில் வரும். தளத்தின் நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி இறக்கி வைப்பார். எந்த மூலையில் வைத்தாலும் ஒரே எண் வர வேண்டும். வந்தால் முத்திரை வைத்துக் கையெழுத்துப் போடுவார். வராவிட்டால் தங்கி வேலை பார்ப்பார். வருடத்துக்கு நூற்றுப்பத்து இரவு வெளியூர். இருபத்தேழு வருடம். பெருக்கினால் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபது. அவர் மூவாயிரம் என்பார். தொழிலுக்கு வெளியே அவர் முழுமையாக்கிச் சொன்ன ஒரே எண் அதுதான்.

நான் பாலங்களின் அதிர்வை அளக்கும் பொறியாளர். எண்களை நம்பும் பழக்கம் அவரிடமிருந்து வந்தது.

அந்த மூவாயிரத்தில் பெரும்பங்கு குடையில் கழிந்தது. குடையில் அவருக்கு அறை எண் 412. அது கிடைக்காவிட்டால் 312. எந்த ஊரானாலும் கதவைத் திறந்ததும் இடப்பக்கம் குளியலறை, வலப்பக்கம் அலமாரி. சாம்பல் நிறக் கம்பளம். கட்டிலுக்கு மேலே கரையில் கவிழ்த்துப் போட்ட ஒரு படகின் படம். எல்லா ஊர்க் கட்டில்களுக்கு மேலேயும் அதே படகு. அது ஒருநாளும் தண்ணீரில் இறங்கவில்லை.

"காலைல கண்ண முழிச்சதும் எந்த ஊர்னு தெரியாதும்மா," என்று ஒருமுறை சொன்னார். "பத்து வினாடி, பதினஞ்சு வினாடி. படகு தெரியும், திரைச்சீலை தெரியும். ஊர் மட்டும் வராது. அப்புறம் வெளிய ஒரு ஹாரன் கேக்கும். இல்லன்னா மழை. இல்லன்னா யாராவது ஷட்டர தூக்குவாங்க. மெதுவா ஊர் வந்து ஜன்னலுக்கு வெளிய நிக்கும்."

"பயமா இருக்காதாப்பா?"

"பயமா? அந்தப் பதினஞ்சு வினாடிதான் எனக்கு லீவு."

மாலை ஏழு மணிக்கு அம்மாவைக் கூப்பிடுவார். அறைக்குள் நுழையும்போதே பேச ஆரம்பித்துவிடுவார். "கதவத் தொறந்துட்டேன். சாவிக் கார்ட சொருகிட்டேன், லைட் வந்துச்சு. சோப்பு ரெண்டு இருக்கு. ஜன்னலுக்குப் போறேன், ஏழு அடி, திரைய விலக்கிட்டேன், இன்னைக்கு வெளிய ஒரு பெட்ரோல் பங்க்." அம்மா துணி மடித்துக்கொண்டே உம் கொட்டுவாள். காதல் வசனம் எதுவும் கிடையாது. சோப்பும் திரைச்சீலையும்தான் இருபத்தேழு வருடம் அந்த ஃபோனில் ஓடின.

பழக்கம் வீட்டுக்கும் வந்தது. ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் வீட்டு ஃபோனை எடுத்து, விடுதி ரிசப்ஷனைக் கூப்பிடுவதுபோல் ஒன்பதை அழுத்தி, "412, ஒரு பாட்டில் தண்ணி," என்றார். பக்கத்தில் படுத்திருந்த அம்மா, "அனுப்புறேன் சார்," என்று சொல்லிவிட்டு எழுந்துபோய்க் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து அவள் ரிசப்ஷன்.

இன்னொருமுறை, அதிகாலை ரயிலுக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாவியைக் கூடத்து மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். விடுதியைக் காலி செய்பவர் போல. மூன்று நாள் கழித்து மழையில் வந்து வாசலில் நின்றார். அம்மா கதவைக் கொஞ்சமாகத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"உங்க பேர்ல புக்கிங் எதுவும் இல்லையே சார்."

"கார்டு இருக்கும்மா. தங்கக் கார்டு."

"இது சின்ன லாட்ஜ். கார்டெல்லாம் செல்லாது. கால தொடச்சுட்டு உள்ள வாங்க."

சிரிப்போம். ஆனால் அம்மாவுக்குள் ஒரு முள் இருந்தது. அவர் ஊரில் இல்லாத ஒருநாள் என்னிடம் சொன்னாள். "அங்கதான் அவருக்கு நிம்மதி. இங்க வந்தா ஸ்விட்ச்சத் தேடுறாரு. முப்பது வருஷமா இருக்குற வீடு."

அப்பாவோடு போய் ஒருநாள் தங்கிவிட்டு வரச் சொன்னால் மறுத்துவிடுவாள். மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். "நான் ஒரு நாள் கடைக்குப் போகலன்னா இந்தத் தெருவுல பாதி பேருக்குத் தூக்கம் கிடையாது. மாத்திரை என் கைல இருக்கு," என்பாள். வேலையை விட்ட பிறகு வேறு காரணம் சொன்னாள்.

"அடுத்தவங்க படுத்து எழுந்த கட்டில்ல எனக்கு எப்படிங்க கண்ணு மூடும்?"

"நான் மூவாயிரம் தடவ மூடினேனே."

"நீங்க எடைக்கல்லு. எங்க எறக்கி வச்சாலும் ஒரே மாதிரி கெடப்பீங்க."

போன வருடம் ஒரு மாலை அப்பா அவளிடம் இதைச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்தேன். "என் வாழ்க்கைல மூணுல ஒரு பங்க நீ பாக்கவே இல்ல. ரிடையர் ஆயிட்டா அந்தக் கதவு மூடிரும். ஒரே ஒரு தடவ வந்து பாத்துரு. அப்புறம் கேக்க மாட்டேன்."

அம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள். இரண்டு நாள் கழித்து, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கும்போது கேட்டாள். "எத்தன நாளைக்குத் துணி எடுத்துக்கணும்?"

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அழுக்கே இல்லாத கண்ணாடி.

அன்றே ஒரு ஃபோன் போட்டு அறை சொல்லியிருக்கலாம். அவர் எடைமேடைக்காரர். கையெழுத்துப் போடும் முன் நான்கு மூலையும் பார்ப்பார். பாயிண்ட் மூன்று இடத்திலும் இருந்தது. எங்கே செலவு செய்வது? நோட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

நங்கூரம் முதல் வாரமே விழுந்தது. இலவச இரவுக்கு இத்தனை பாயிண்ட் என்று அவர்கள் வைத்திருந்த கணக்கை நான்கு வருடத்தில் மூன்று முறை உயர்த்தியிருந்தார்கள். முன்கூட்டிச் சொல்லவும் இல்லை. அப்பா கோபப்பட்டு நான் பார்த்தது குறைவு. அன்று பட்டார். "அறை மோசம்னா விட்ரலாம். சாப்பாடு மோசம்னா விட்ரலாம். இவன் எடைக்கல்லையே மாத்துறாம்மா!"

மிச்சம் குடையும் ஆந்தையும்.

குடை கஞ்சன். பாயிண்ட் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். ஆனால் பத்தொன்பது வருடமாக ஒரு விதியைக்கூட மாற்றவில்லை. சோப்பு, துண்டு, படகு, காலை ரொட்டியின் கனம் எல்லாம் ஒன்று. அங்கே அப்பா ஒரே ஒரு விஷயத்தில்தான் சண்டை போடுவார். தங்கக் கார்டுக்காரர் என்று மரியாதையாகப் பெரிய அறை கொடுப்பார்கள். வேண்டாம் என்பார். "மரியாதைக்காக எடையக் கூட்டிக் காட்டக் கூடாது தம்பி. எனக்கு 412 குடுங்க."

ஒரே மாதிரி என்றால் என்ன என்று எனக்கு அவர் விளக்கியது ஒரு பழுதான குளிர்சாதனத்தை வைத்து. சத்தம் போட்டது, கீழே சொன்னார், குளித்துவிட்டு வருவதற்குள் மேல்மாடியில் 512ஐத் திறந்து கொடுத்தார்கள். உள்ளே போனால் அவருடைய தண்ணீர்ப் பாட்டில் வலப்பக்கம், நோட்டு அதன்மேல், நோட்டின்மேல் கண்ணாடி. எடுத்த இடத்தில் இருந்தபடியே வைக்கப்பட்டிருந்தன. நோட்டில் குறித்திருந்தார்: 'ஏழு நிமிடம்'. "சோப்பு யார் வேணா ஒரே மாதிரி வாங்கி வைக்கலாம்மா. ஏதாவது கெட்டுப்போறப்ப ஒரே மாதிரி இருக்கானா, அதான் பாக்கணும்."

ஆந்தை தாராளக்காரன். பாயிண்டை அள்ளி வீசுவான். அவருடைய பிறந்தநாளுக்குக் கேக் அனுப்பினான், தப்பான மாதத்தில். ஆனால் ஓர் ஆந்தையைப் போல இன்னொரு ஆந்தை கிடையாது. ஓர் ஊரில் பழைய வங்கிக் கட்டிடம். இரும்புப் பெட்டக அறையில் சாப்பாட்டுக் கூடம். ஓர் ஊரில் ஜன்னலைத் திறந்தால் மரக்கிளை உள்ளே வரும். ஓர் ஊரில் குளியல் தொட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ("கட்டினவனுக்கு என்ன அவசரமோ!") இதையெல்லாம் சொல்லும்போது அப்பாவின் முகம் வேறு மாதிரி ஆகும்.

"ஆந்தைல தங்கினது மொத்தம் நாப்பத்தோரு ராத்திரி. ஒவ்வொண்ணும் தனித்தனியா ஞாபகம் இருக்கு. குடைல ரெண்டாயிரத்துக்கு மேல. ஒண்ணுகூட ஞாபகம் இல்ல. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போயிருச்சு. நான் அங்க ரெண்டாயிரம் ராத்திரி தூங்கலம்மா. ஒரே ராத்திரிய ரெண்டாயிரம் தடவ தூங்கினேன்."

அதனால்தான் அவரால் முடிவெடுக்க முடியவில்லை. அம்மாவைக் கூட்டிப்போவது ஒரே தடவை. அவளுக்கு மறக்காத ஓர் இரவைக் கொடுப்பதா, தான் உண்மையில் இருந்த இடத்தைக் காட்டுவதா?

நான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா உங்கள் வாழ்க்கையைப் பார்க்கத்தானே வருகிறாள் என்று. நான் பொறியாளர். அட்டவணை போட்டேன். பதினேழு பத்திகள். ஒவ்வொன்றுக்கும் முக்கியத்துவ எண். தரவு போதாது என்றேன். பழைய நோட்டுகளைத் தேடச் சொன்னேன். பரணில் ஏறித் தேடினார். பதினொரு மாதம் ஓடியது. நீட்டியது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தலையணைப் பத்தி முடிந்ததும் கூட்டல் வந்தது.

"என்னம்மா சொல்லுது?"

"ஆந்தை. நாலு புள்ளி அதிகம்."

"பிழை எவ்வளவு வரும்?"

"கூட்டியோ குறைச்சோ அஞ்சு."

சிரித்தார். "அப்ப ரெண்டும் ஒரே எடை."

"இன்னும் ரெண்டு வாரம் குடுங்கப்பா. போன வருஷ நோட்டையும் சேத்தா பிழை குறையும்."

"ம்."

அந்த 'ம்'தான் இந்த விஷயத்தில் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

செவ்வாய்க்கிழமை நடந்ததை எடைமேடைக் கூண்டில் இருந்தவர் சொன்னார். நாலாவது மூலை முடிந்தது. எண் சரியாக வந்தது. சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். "டம்ளர எடுத்துட்டுத் திரும்பறேன் மேடம். பெரியவர் தலையச் சாச்சிருந்தார். தூங்குறார்னு நெனச்சு ஃபேன கூட்டி வச்சேன்."

ரயிலில் நான்கு மணி நேரம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வயல்கள், கிடங்குகள், பெயர் படிப்பதற்குள் கடந்துபோன நிலையங்கள். யாரோ சொன்ன கனவுக்குள் நாங்கள் பயணிப்பதுபோல் இருந்தது. மருத்துவமனையில் பார்த்தோம். முகத்தைப் பார்த்தோம். காகிதங்கள் நாளைக் காலை பத்து மணிக்குத்தான் தயாராகும் என்றார்கள்.

எடைக்கல் வண்டி ஓட்டுநர் வெளியே நின்றிருந்தார். அப்பாவோடு பதினான்கு வருடம் ஓடியவர். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே சொன்னார். "அண்ணனோட ரூம் நாளைக்கு மதியம் வரைக்கும் இருக்குங்க அண்ணி. பையும் அங்கதான் இருக்கு. வேற எங்க போவீங்க இந்நேரத்துக்கு?"

"எந்த ரூம்?" என்றேன்.

"குடைதான்மா. அண்ணன் வேற எங்க போவார்?"

மணி ஆறரை. நான்காவது மாடி. நடைபாதைக் கம்பளம் எங்கள் காலடிச் சத்தத்தை விழுங்கியது. இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள், ஒரே மாதிரி விளக்குகள். கடைசியில் போய் நடைபாதையே மங்கிவிட்டது. 412 முன்னால் நின்று சாவிக் கார்டை எடுத்தேன். அம்மா என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.

கதவு திறந்தது. உள்ளே இருட்டு. அம்மா தடவவில்லை. தேடவில்லை. அவள் கை நேராகச் சுவருக்குப் போய்க் கார்டைச் சொருகியது. வெளிச்சம் வந்தது.

"இடப்பக்கம் பாத்ரூம்," என்றாள். யாருக்கென்று தெரியவில்லை. "சோப்பு ரெண்டு. ஒண்ணு பிரிக்காதது." ஜன்னலை நோக்கி நடந்தாள். வாய்க்குள் எண்ணினாள். ஏழாவது அடியில் திரைச்சீலை அவள் கைக்கு வந்தது. விலக்கினாள். வெளியே ஒரு பேருந்துப் பணிமனை. பேருந்துகள் மெதுவாக, விளக்குப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அப்பாவின் சட்டை அலமாரியில் தொங்கியது. நோட்டு மேசையில். ஜன்னலோரம் இருக்க வேண்டிய நாற்காலி அங்கே இல்லை. அது நின்ற இடத்தில் கம்பளத்தில் நான்கு பள்ளங்கள். நாற்காலி கட்டிலின் இடப்பக்கம் கிடந்தது, கட்டிலைப் பார்த்து.

வீட்டில் அந்த இடத்தில் அம்மாவின் நாற்காலி இருக்கும். தூங்கும் முன் அதில் உட்கார்ந்துதான் தலை பின்னுவாள்.

துண்டு மாற்ற வந்த பெண் வாசலிலேயே நின்றாள். விஷயம் தெரிந்திருந்தது. நாற்காலியைப் பார்த்துப் பேசினாள். "சார் வந்தா இத இங்க இழுத்துப் போட்ருவார்மா. அவர் போனதும் நாங்க திருப்பி ஜன்னலுக்குப் போடுவோம். ஒம்பது வருஷமா இதே கூத்துதான். இருக்கட்டும் சார், நாங்களே போட்டு வைக்கிறோம்னேன். வேணாம், அது உங்க கணக்குல வராதுன்னார்."

அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. பிறகு கட்டிலின் இடது ஓரத்தில், தன் பக்கத்தில், படுத்தாள். அடுத்தவர் படுத்த கட்டில் என்று எதுவும் சொல்லவில்லை. எட்டு மணிக்கு முன்பே தூங்கிவிட்டாள். குளிர்சாதனம் ஒரே சுருதியில் ஓடியது. இந்த நேரத்தில் எத்தனை ஊர்களில் எத்தனை 412களில் இதே படகின் கீழே யார் யாரோ படுத்திருப்பார்கள் என்று நினைத்தேன். அவற்றில் ஏதாவது ஒன்றில் அப்பா இப்போதுதான் கண் விழித்து, ஊர் வருவதற்காகக் காத்துக்கொண்டிருப்பார் என்றும் தோன்றியது. எனக்கு அப்படியெல்லாம் தோன்றுவது வழக்கமில்லை.

காலையில் அம்மா எனக்கு முன்னால் எழுந்து அவருடைய சட்டையை மடித்துப் பையில் வைத்திருந்தாள். ஒன்பதேகால் மணிக்குக் கீழே இறங்கினோம். முன்மேசையில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி. கார்டை வாங்கிக்கொண்டாள்.  பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தாள்.

"இத உங்ககிட்ட குடுக்கலாமா வேணாமான்னு தெரியலங்க. நேத்து காலைல வேலைக்குக் கிளம்பறப்ப சார் எழுதிக் குடுத்தது. இவ்வளவு நாளா அவர் பாயிண்ட்ட தொட்டதே இல்ல. நேத்துதான் மொத்தத்தையும் எடுக்கணும்னார்."

வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து, சான்றிதழில் எழுதுவதுபோல் கட்டம் தாண்டாமல். அறை: 412. நபர்கள்: இரண்டு. இரவுகள்: மூன்று. எங்கள் அட்டவணை நாலு புள்ளி வித்தியாசத்தில் ஆந்தை என்றது. அவர் என் இரண்டு வாரத்துக்குக் காத்திருக்கவில்லை.

தேதிக் கட்டம் காலியாக இருந்தது.

"தேதி போடலையே சார்னு கேட்டேன்," என்றாள் அந்தப் பெண். "வீட்டுல கேக்கணும், சாயங்காலம் ஃபோன்ல கேட்டுட்டு வந்து போடுறேன்னுட்டுப் போனார்."

அம்மா படிவத்தை என்னிடமிருந்து வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துப் படித்தாள். மேலிருந்து கீழ்வரை. பிறகு அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"என்கிட்ட கேக்கவே இல்லையேம்மா."